உங்களிடம் 200 ரூபாய் கொடுத்து விளையாடச் சொன்னால்? இளம் பொருளாதார ஆய்வாளர்களின் 'டீ மேசைக் கூட்டங்கள்' ஏன் முக்கியம்?

மூணாறுக்குப் பக்கத்தில் உள்ள சித்திரபுரத்தில் நீங்கள் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் டேப்லெட்டோடு ஒரு இளைஞர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்.

"அக்கா, ஒரு சின்ன ஆய்வு. அரை மணி நேரம் போதும். உங்களுக்கு 200 ரூபாய் தருவோம். முழுசையும் நீங்களே வெச்சுக்கலாம். இல்லன்னா கொஞ்சத்தை இன்னொருத்தருக்கு அனுப்பலாம். நீங்க அனுப்புறது மூணு மடங்காகி அவர் கைக்குப் போகும். அவர் விருப்பப்பட்டா அதுல கொஞ்சம் உங்களுக்குத் திருப்பித் தருவார். அவர் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க யாருன்னு அவருக்கும் தெரியாது."

எவ்வளவு அனுப்புவீர்கள்?

இந்தக் காட்சி கற்பனைதான். ஆனால் இந்த விளையாட்டு உண்மையானது. ஜாய்ஸ் பெர்க், ஜான் டிக்ஹாட், கெவின் மெக்கேப் ஆகிய மூவர் 1995-ல் வெளியிட்ட ஆய்வில் வந்தது இது. இன்று 'நம்பிக்கை விளையாட்டு' என்ற பெயரில் உலகம் முழுக்க நடத்தப்படுகிறது. முன்பின் தெரியாதவரை மனிதர்கள் எந்த அளவுக்கு நம்புகிறார்கள் என்பதை, வாயால் கேட்காமல், பணத்தை வைத்து அளப்பதுதான் நோக்கம்.

நீங்கள் 50 ரூபாய் அனுப்பினால் அது ஒரு தரவு. 200-ம் அனுப்பினால் அதுவும் ஒரு தரவு. ஆனால் கேள்வியை எந்த வார்த்தையில் கேட்பது, யார் கேட்பது, எவ்வளவு பணம் வைப்பது என்பதெல்லாம் முடிவாகும் நாளிலேயே ஆய்வின் தலைவிதி பாதி எழுதப்பட்டுவிடுகிறது. அந்த முடிவுகள் பல நேரம் பெரிய மாநாட்டு மேடையில் எடுக்கப்படுவதில்லை. பத்துப் பதினைந்து இளம் ஆய்வாளர்கள் டீயும் நோட்டுமாக உட்கார்ந்து பேசும் சிறிய கூட்டங்களில் எடுக்கப்படுகின்றன.

அந்தக் கூட்டங்களில் என்ன நடக்கிறது? அதைப் பற்றி நீங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?

சோதனைப் பொருளாதாரம் என்றால் என்ன?

இடுக்கிக்காரர்களுக்கு இதை ஏலக்காயை வைத்தே சொல்லிவிடலாம். இந்தப் பக்கம் புத்தடியிலும், மலை இறங்கினால் தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடக்கிறது. 'விலை எப்படி உருவாகிறது?' என்று ஒரு பொருளாதார ஆய்வாளர் அறிய விரும்பினால் ஏல விலைகளைச் சேகரித்துப் பார்க்கலாம். ஆனால் மழை, வரத்து, ஏற்றுமதி என்று பத்து விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறும். எது விலையை அசைத்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

சோதனைப் பொருளாதாரம் வேறு வழியில் போகிறது. ஒரு சிறிய சந்தையை அறைக்குள்ளேயே உருவாக்குகிறது. சிலரை வாங்குபவர்களாகவும் சிலரை விற்பவர்களாகவும் உட்கார வைத்து, ஆளுக்கொரு சீட்டு கொடுக்கிறது. வாங்குபவரின் சீட்டில் 'இதற்கு மேல் விலை கொடுத்தால் உங்களுக்கு நஷ்டம்' என்று ஒரு தொகை இருக்கும். விற்பவரின் சீட்டில் 'இதற்குக் கீழே விற்றால் நஷ்டம்' என்று ஒரு தொகை. அடுத்தவர் சீட்டில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. பிறகு பேரம் தொடங்கும்.

ஹார்வர்டு பேராசிரியர் எட்வர்ட் சேம்பர்லின் தன் வகுப்பு மாணவர்களை வைத்து இப்படிச் செய்து, 1948-ல் முடிவை வெளியிட்டார். விலை பாடப்புத்தகம் சொல்லும் இடத்தில் போய் நிற்கவில்லை. சந்தைக் கோட்பாடு தவறு என்பதற்கு இது சான்று என்று தோன்றியது.

அந்த வகுப்பில் மாணவராக இருந்தவர்களில் ஒருவர் வெர்னன் ஸ்மித். 1956-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் அவர் அதே சோதனையை இரண்டு மாற்றங்களோடு நடத்தினார். மூலையில் நின்று தனித்தனியாகப் பேரம் பேசுவதற்குப் பதில், எல்லாருக்கும் கேட்கும்படி விலையைக் கூறச் சொன்னார். ஒரே சுற்றோடு நிறுத்தாமல் பல சுற்று நடத்தினார். சில சுற்றுகளிலேயே விலை, பாடப்புத்தகம் சொல்லும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த ஆய்வுகள் 1962-ல் வெளியாயின. 2002-ல் டேனியல் கானமனோடு சேர்த்து அவருக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்றைக் கவனித்தீர்களா? கேள்வி அதேதான். நடத்திய விதத்தில் இரண்டு மாற்றம், முடிவு தலைகீழ். சோதனையின் வடிவமைப்பு சின்ன விஷயமல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

வடிவமைப்பு எங்கே தீர்மானமாகிறது?

ஆய்விதழில் வரும் கட்டுரையைப் படித்தால் எல்லாம் திட்டமிட்டபடி நடந்தது போலத்தான் இருக்கும். உண்மையில் அதற்கு முன் பல மாதப் பேச்சு உண்டு. வெர்னன் ஸ்மித்தும் இத்துறையின் இன்னொரு முன்னோடியான சார்லஸ் ப்ளாட்டும் மீன்பிடிக்கப் போன இடங்களில் சோதனைகளைப் பற்றிப் பேசியது இத்துறை வரலாற்றின் ஒரு பகுதி. 1986-ல் இத்துறைக்கென்று பொருளாதார அறிவியல் சங்கம் உருவானது. அமைப்புகளும் மாநாடுகளும் வந்த பிறகும் இந்தச் சிறிய கூட்டங்கள் ஓயவில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இவற்றை 'பிரவுன் பேக்' கூட்டம் என்பார்கள். வீட்டிலிருந்து காகிதப் பையில் கொண்டுவந்த மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவதால் அந்தப் பெயர். நம் ஊர்க் கணக்கில், சாப்பாட்டுப் பொட்டலக் கூட்டம்.

இதில் முடிந்த ஆய்வைக் காட்டுவதில்லை. தொடங்காத ஆய்வைத்தான் காட்டுவார்கள். 'இப்படி ஒரு சோதனை செய்யலாம்னு இருக்கேன், எங்கே இடிக்கும்?' என்று ஒருவர் கேட்பார். மற்றவர்கள் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். சில நேரம் அங்கே இருப்பவர்களையே பங்கேற்பாளர்களாக வைத்து ஒரு சுற்று விளையாடிப் பார்ப்பார்கள். விதி புரியவில்லை என்று சக ஆய்வாளரே சொன்னால், தோட்டத் தொழிலாளிக்கு அது எப்படிப் புரியும்?

இளம் ஆய்வாளருக்கு இது பணப் பிரச்னையும்கூட. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 300 பேரிடம் சோதனை நடத்தி, ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தால் 60,000 ரூபாய். கள ஊழியர் சம்பளம், பயணச் செலவு எல்லாம் தனி. இந்தியாவில் யுஜிசி-யின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அதுவும் எல்லா ஆய்வு மாணவர்களுக்கும் கிடைப்பதில்லை. கேள்வித்தாளில் ஒரு தவறு என்றால், ஒன்றரை மாத உதவித்தொகைக்கும் மேலான பணம் தண்ணீரில் போகும். பெரிய பேராசிரியர் என்றால் திரும்ப நடத்துவார். ஆய்வு மாணவருக்கு அந்த வசதி கிடையாது.

ஒரு கோடை முகாமும் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளும்

1994-ல் அமெரிக்காவின் பெர்க்லியில், ரசல் சேஜ் அறக்கட்டளையின் உதவியோடு ஒரு கோடை முகாம் நடந்தது. டேனியல் கானமன், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர் உள்ளிட்டோர் ஏற்பாடு செய்தார்கள். இரண்டு வாரம், சுமார் 30 மாணவர்கள். பட்டம் தரும் படிப்பு அல்ல. உளவியலையும் பொருளாதாரத்தையும் சேர்த்துப் படிக்க விரும்பிய இளைஞர்கள், ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதற்கான இடம். அந்தத் துறையில் அப்போது வேலை கிடைக்குமா என்பதே சந்தேகமாக இருந்த காலம்.

அந்த முதல் முகாமுக்கு வந்தவர்களில் ஒருவர் செந்தில் முல்லைநாதன். இந்தியக் கிராமம் ஒன்றில் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்கா சென்றவர்.

சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, 2013-ல், ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோரின் ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதன் ஒரு பகுதி விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்தது. பங்கேற்றவர்கள் 464 கரும்பு விவசாயிகள். கேள்வி இதுதான்: பணக் கஷ்டம் மனிதனின் சிந்திக்கும் திறனையே பாதிக்கிறதா?

கரும்பு விவசாயிக்கு வெட்டுக்கு முன் கை வறண்டிருக்கும், வெட்டு முடிந்து பணம் வந்ததும் கொஞ்சம் மூச்சு விடலாம். இந்த ஆய்விலேயே வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் பொருளை அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் அது 4 சதவீதம். அதே விவசாயிக்கு இரண்டு சமயத்திலும் புதிர் வகைத் தேர்வு கொடுத்தார்கள். வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 சரியான விடைகள், பின்பு 5.45.

'சரி, நிரூபணம் ஆச்சு' என்று நீங்கள் நினைக்கலாம். பொட்டலக் கூட்டத்தில் இருப்பவர் அப்படி விடமாட்டார். அவர் கேட்கக்கூடிய கேள்விகளைப் பாருங்கள்.

முதல் கேள்வி: 'ரெண்டாவது தடவை எழுதுறப்போ யாருக்குமே கொஞ்சம் நல்லா வரும். அது பழக்கம்தானே?' ஆய்வாளர்கள் இதற்குத் தயாராக இருந்தார்கள். 100 விவசாயிகளை முதலில் சோதிக்காமல் நிறுத்திவைத்து, வெட்டுக்குப் பிறகே முதல்முறை சோதித்தார்கள்.

இரண்டாவது கேள்வி: 'வெட்டுக் காலம், பருவம் எல்லாம் சேர்ந்து வர்றது. பணமா, பருவமா, எது காரணம்?' ஆலைகளின் கொள்ளளவுக்கு ஏற்ப கரும்பு வெட்டு பல மாதங்களில் பிரிந்து நடக்கிறது. ஒரே சமயத்தில் ஒருவர் வெட்டு முடித்திருப்பார், இன்னொருவர் காத்திருப்பார். கரும்பைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே பெரிய காரணம். நெல்லாக இருந்தால் இந்த வசதி குறைவு.

மூன்றாவது கேள்வி: 'மன அழுத்தமா இருக்கலாமே?' அதற்காக இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அளக்கப்பட்டன.

இந்த யோசனைகள் எந்தெந்த மேசையில் பிறந்தன என்பது கட்டுரையில் இருக்காது. ஆனால் களத்தில் இறங்குவதற்கு முன்பே இவற்றை யோசித்திருந்தால்தான் உண்டு. வெட்டு முடிந்த பிறகு 'ஐயோ, நூறு பேரை நிறுத்தி வெச்சிருக்கலாமே' என்றால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும்.

இதோடு கதை முடியவில்லை. 2016-ல் லியாண்ட்ரோ கார்வால்யோ, ஸ்டீஃபன் மையர், ஸ்டெஃபனி வாங் ஆகியோர், அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களை சம்பளத்துக்கு முன்பும் பின்பும் சோதித்த ஆய்வை வெளியிட்டார்கள். சிந்திக்கும் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. கரும்பு வெட்டுக்கும் மாதச் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளி வேறு என்பதால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடாது. ஆனால் ஒரே ஆய்வை வைத்துக் கொள்கை முடிவு எடுக்கக் கூடாது என்பது மட்டும் தெளிவு.

எண்கள் என்ன சொல்கின்றன?

தரவுகளோடு தினமும் மல்லுக்கட்டுபவள் என்ற முறையில் எனக்கு முக்கியமாகப் படும் எண் இது: 18-க்கு 11.

2011 முதல் 2014 வரை இரண்டு முன்னணிப் பொருளாதார இதழ்களில் வந்த 18 ஆய்வகச் சோதனைகளை, காலின் கேமரர் உள்ளிட்ட ஒரு குழு திரும்ப நடத்திப் பார்த்து, 2016-ல் முடிவை வெளியிட்டது. 11 சோதனைகளில் மட்டுமே அதே திசையில், புள்ளியியல் ரீதியாக நிற்கும் முடிவு வந்தது. அதாவது 61 சதவீதம். விளைவின் அளவும் சராசரியாக முதல் ஆய்வில் சொன்னதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

மற்ற ஏழிலும் மோசடி என்று இதற்கு அர்த்தமில்லை. பங்கேற்றவர்கள் குறைவாக இருந்திருக்கலாம், தற்செயலாக வந்த முடிவாக இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. 'வித்தியாசம் எதுவும் இல்லை' என்று வந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேசை டிராயரிலேயே தங்கிவிடுகின்றன. அந்த டிராயர் திறக்கும் இடம் இதுபோன்ற கூட்டங்கள்தான். 'நானும் இதை ட்ரை பண்ணேன், ஒண்ணும் வரலை' என்று ஒருவர் சொன்னால், இன்னொருவரின் ஒரு வருட உழைப்பு மிச்சம்.

முடிவு வராததும் செய்திதான் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2021-ல் வெளியான ஒரு ஆய்வில், சென்னையில் 452 பேரின் தூக்கத்தை அளந்தார்கள். இரவில் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான். கண் மறைப்பு, காது அடைப்பான், ஆலோசனை போன்ற உதவிகளால் அது தினமும் 27 நிமிடம் கூடியது. வேலைத்திறன் நன்றாக உயரும் என்று நிபுணர்களே கணித்திருந்தார்கள். உயரவில்லை. ஆனால் பணியிடத்தில் மதியம் போட்ட குட்டித் தூக்கம் பலன் தந்தது. 'என்ன எதிர்பார்க்கிறீர்கள்?' என்று நிபுணர்களிடம் கேட்டுப் பதிவு செய்ததால்தான் இந்த முடிவின் கனம் தெரிந்தது.

மேசையில் யார் இல்லை?

இந்தக் கூட்டங்களின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. மேசையைச் சுற்றி யார் உட்காருகிறார்களோ, அவர்களுக்குத் தெரிந்த ஓட்டைகள் மட்டுமே கண்ணில் படும்.

2009-ல் வெளியான ஒரு பிரபல ஆய்வு மதுரைப் பகுதியில் நடத்தப்பட்டது. டேன் ஏரியலி, யூரி நீசி, ஜார்ஜ் லோவன்ஸ்டீன், நினா மஸார் ஆகியோர் 87 பேரை ஆறு விளையாட்டுகள் விளையாட வைத்தார்கள். ஒரு விளையாட்டுக்கு அதிகபட்சப் பரிசு சிலருக்கு 4 ரூபாய், சிலருக்கு 40, சிலருக்கு 400. அதிகப் பணம் வைக்கப்பட்டவர்கள்தான் மோசமாக ஆடினார்கள். பணம் கூடினால் திறமை கூடும் என்ற நினைப்புக்கு இது அடி.

இந்தியக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், அவர்கள் பட்ஜெட்டில் இங்கேதான் 'மிகப் பெரிய தொகை'யை வைக்க முடிந்தது. இதில் சட்ட மீறல் ஒன்றும் இல்லை. ஆனால் நம் ஊரிலிருந்து ஒருவர் மேசையில் இருந்தால் கேட்டிருப்பார்: 'நாலு ரூபாய் கிடைச்சவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு நானூறு கிடைச்சதைத் தெரிஞ்சுக்கிட்டா என்ன ஆகும்?'

தேயிலைத் தோட்டத்து லயங்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும். வரிசையாக ஒட்டிய வீடுகள். முதல் வீட்டில் நடந்த விளையாட்டு, ஆய்வாளர் மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் கடைசி வீட்டுக்குத் தெரிந்துவிடும். பிறகு வரும் விடைகள் எல்லாம் ஏற்கெனவே பேசி முடிவு செய்தவை. இன்னொன்று, பங்கேற்கச் சொல்லி ஆட்களைக் கூட்டிவருபவர் மேற்பார்வையாளராக இருந்தால், 'எனக்கு வேண்டாம்' என்று ஒரு தொழிலாளி சொல்ல முடியுமா?

மொழிச் சிக்கல் தனி. நம்பிக்கை விளையாட்டையே எடுங்கள். தமிழில் 'நம்பிக்கை' என்றால் ஒருவரை நம்புவதும் அதுதான், கடவுள் நம்பிக்கையும் அதுதான், 'நல்லது நடக்கும்' என்பதும் அதுதான். வழிமுறையில் அந்தச் சொல்லை வைத்தால், பங்கேற்பவர் எதற்குப் பதில் சொல்கிறார்? வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசும் சித்திரபுரத்தில் எந்த மொழியில் கேட்பது என்பதே ஒரு வடிவமைப்பு முடிவு.

மேசை விரிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1990-களின் மத்தியில் ஜோசப் ஹென்ரிக் என்ற மானுடவியல் ஆய்வு மாணவர், பணத்தைப் பங்கிடும் ஒரு விளையாட்டைப் பெருவின் மச்சிகெங்கா மக்களிடம் நடத்தினார். பல நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் பொதுவாக 40 முதல் 50 சதவீதம் பிறருக்குக் கொடுத்தபோது, இவர்கள் சராசரியாக 26 சதவீதம்தான் கொடுத்தார்கள். 'மனிதர்கள் எல்லாரும் இப்படித்தான்' என்ற முடிவு ஆட்டம் கண்டது. 1997-ல் களத்தில் பல ஆண்டு வாழ்ந்த மானுடவியலாளர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் கூடிப் பேசினார்கள். அதன் விளைவாக 12 நாடுகளில் 15 சிறிய சமூகங்களில் சோதனை நடந்து, 2001-ல் முடிவு வந்தது. ஒவ்வொரு சமூகமும் ஒவ்வொரு விதமாக ஆடியது. ஒரு மாணவரின் 'இது எனக்கு இடிக்குதே' என்ற சந்தேகத்தில் தொடங்கியது இது.

இங்கே தொடங்க என்ன தேவை?

பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஸ்மித்துக்கு வகுப்பறையும் சீட்டுகளும் போதுமானதாக இருந்தன. இன்று கணினியில் நடத்த 'ஓட்ரீ' போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சோதனைத் திட்டத்தை முன்கூட்டியே பொதுவில் பதிவு செய்ய, அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் பதிவேடு 2013 முதல் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம், சென்னையில் எம்ஐடிஎஸ், மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஜே-பால் தெற்காசிய அமைப்பு என்று மலையின் இரண்டு பக்கமும் நிறுவனங்கள் உண்டு. தேவை மாதம் ஒரு மதியமும், 'எனக்குப் புரியலை' என்று வெட்கப்படாமல் சொல்லும் பழக்கமும். கூடவே, ஆய்வு நடக்கப்போகும் ஊரிலிருந்து ஒருவருக்கு அந்த மேசையில் ஒரு நாற்காலி.

டேப்லெட்டோடு வருபவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை

இனி முதல் காட்சிக்கு வருவோம். அந்த இளைஞர் இன்னும் உங்கள் வாசலில்தான் நிற்கிறார். விளையாடுவதற்கு முன் இவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு:

• ஆய்வை நடத்துவது எந்த நிறுவனம்? நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா?

• பாதியில் வேண்டாம் என்றால் எழுந்துகொள்ளலாமா? அதுவரைக்கான பணம் கிடைக்குமா?

• என் பெயரும் விடையும் யாருக்குப் போகும்? தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியுமா?

• நீங்கள் சொல்வதெல்லாம் உண்மையா? மறுபக்கம் நிஜமாகவே ஒரு ஆள் இருக்கிறாரா?

கடைசிக் கேள்வி முக்கியம். பங்கேற்பவரிடம் பொய் சொல்லக் கூடாது என்பது சோதனைப் பொருளாதாரத்தில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மரபு. உளவியல் சோதனைகளிலிருந்து இத்துறை வேறுபடும் இடம் அது. அந்த இளைஞர் தயங்காமல் 'ஆமாக்கா, நிஜமா இருக்கார்' என்று சொன்னால் விளையாடுங்கள். தடுமாறினால், அவர் திரும்பிப் போய்த் தன் நண்பர்களோடு இன்னொரு டீ குடித்துப் பேச வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.